பழைய ஸாக்குவை வெள்ளைக்கல் சுரங்கத்து வேலைக்கு அனுப்புவது எப்படி

ஜப்பானின் ‘கன்டம்’ கார்ட்டூன் தொடரில் வருகிற ஒற்றைக் கண் போர் ரோபோதான் ஸாக்கு. 1/144 அளவில், அதாவது நிஜத்தில் 144-ல் ஒரு பங்காக, நாமே ஒட்டிச் செய்கிற அதன் பழைய பிளாஸ்டிக் கிட் ஒன்று கையில் இருக்கிறது, அதை அப்படியே ஒட்டிப் பச்சை அடித்து அலமாரியில் நிறுத்த மனசில்லை என்றால் இது உங்களுக்குத்தான். பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஒரே ஒரு விஷயத்தை முடிவு செய்துவிடுங்கள்: இந்த இயந்திரம் எங்கே, என்ன வேலை பார்க்கிறது? இதற்குப் பதில் இருந்தால் எதை வெட்டுவது, எதை ஒட்டுவது, எங்கே தேய்ந்திருக்கும், எங்கே அழுக்கு படியும் என்பதெல்லாம் தானாக வரும். பதில் இல்லாமல் தொடங்குகிறவர்கள்தான் உடம்பு முழுக்க ஒரே மாதிரி துரு, ஒரே மாதிரி கீறல் என்று பூசிவிட்டு, ஏன் பொம்மை மாதிரியே தெரிகிறது என்று கேட்பார்கள்.

என்னுடைய பதில் சேலத்திலேயே இருக்கிறது. கருப்பூர், செட்டிச்சாவடி பக்கம் ஏற்காடு மலை அடிவாரத்தில் இருக்கிற வெள்ளைக்கல் சுரங்கம், அதாவது மேக்னசைட். போர் முடிந்து வேலையில்லாமல் நிற்கிற ஸாக்குவை யாரோ மலிவாக வாங்கி, துப்பாக்கியைக் கழற்றிவிட்டு மண் அள்ளும் வாளி மாட்டி, அங்கே ஷிப்டுக்கு விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸாக்குவின் மேல் உடம்பை டாங்கியின் மேல் உட்கார வைத்த ‘ஸாக்கு டாங்க்’ ஜப்பானியர்களே எண்பதுகளில் கொண்டுவந்ததுதான், அதனால் கதைக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற கவலை வேண்டாம்.

கிட்டைப் பற்றிக் கொஞ்சம். கன்டம் தொடர் ஜப்பான் டிவியில் 1979 ஏப்ரலில் தொடங்கி 1980 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. பொம்மை கம்பெனியான பாண்டாய் தன் முதல் 1/144 கன்டம் கிட்டை 300 யென்னுக்கு இறக்கியது அதற்குப் பிறகு, 1980 ஜூலையில். பின்னாலேயே ஸாக்குவும் வந்தது. இன்றைய கிட் மாதிரி கையால் அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை இது. பசை போட்டுத்தான் ஒட்ட வேண்டும், நிறமெல்லாம் நாம்தான் அடிக்க வேண்டும், முழங்கால் பேருக்கு மடங்கும், உடம்பு நடுவே ஒட்டுக்கோடு பட்டையாக ஓடும். ஆனால் இதே அச்சில் திரும்பத் திரும்ப மறுபதிப்பு வந்துகொண்டே இருப்பதால் வெட்டுவதற்கு மனசு வலிக்காது. உங்களிடம் இருப்பது நிஜமாகவே எண்பதுகளின் பெட்டி என்றால், தயவுசெய்து அதை மூடி வைத்துவிட்டு ஒரு மறுபதிப்பு வாங்கி வெட்டுங்கள்.

முதல் வேலை குளிப்பாட்டுவது. பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ரன்னரோடு, அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டத்தோடு போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் காய வையுங்கள். அச்சிலிருந்து பிரிவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பின்னால் பெயிண்ட் தோல் தோலாக உரியும். நிஜப் பழைய பெட்டியில் பசை பாக்கெட் இருந்தால் அது காய்ந்து கல்லாகியிருக்கும், தூக்கிப் போடுங்கள். டெக்கால் (உடம்பில் ஒட்டுகிற சின்னங்கள் உள்ள தாள்) மஞ்சளாகிப் போயிருந்தால் ஜன்னல் கண்ணாடியில் டேப் போட்டு வெயில் பார்க்க ஒட்டி வைத்தால் கொஞ்சம் வெளுக்கும், சேலத்து வெயிலுக்கு அதைச் சொல்லவே வேண்டாம்.

அப்புறம் கருவிகள். இங்கேதான் சேலத்துக்காரர்களுக்கு யோகம். மாடல் கடைகளில் தனியாக விலை வைத்து விற்கிற சின்ன அரம், கையால் திருகும் துளைப்பான், நூல் மாதிரி மெல்லிய ரம்பம் எல்லாம் கொலுசுப் பட்டறைக்காரர்கள் தினமும் பிடிக்கிற சாமான்தான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறைச் சாமான் விற்கிற கடையில் கேட்டால் தட்டை, அரைவட்டம், முக்கோணம் என்று அரம் செட்டே எடுத்துப் போடுவார்கள். ரம்பத்துக்கு வெள்ளித் தகட்டை அறுக்கிற வில் ரம்பம் வாங்குங்கள், பிளேடை மெல்லியதாகப் பார்த்து எடுங்கள். ஹாக்ஸா பிளேடு வேண்டவே வேண்டாம், அது அறுத்த இடத்தில் பாதி முழங்கால் தூளாகப் போய்விடும்.

பசைக்கு மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். தண்ணீர் மாதிரி ஓடுகிற பிளாஸ்டிக் சிமெண்ட் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது கிட்டின் பிளாஸ்டிக்கான ஸ்டைரினைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்கிவிடும். போர்டு எழுத்து செய்கிற கடைகளில் அக்ரிலிக் ஒட்ட வைத்திருக்கிற திரவமும் ஒட்டும்தான், ஆனால் அந்த ஆவியை மூடிய அறையில் சுவாசிப்பது நல்லதில்லை. பழைய கிட்டின் ஒட்டுக்கோட்டுக்கு ஒரு வழி: வெட்டிப்போட்ட ரன்னர் துண்டுகளைப் பொடியாக நறுக்கிக் கொஞ்சம் சிமெண்டில் ஊறப் போட்டால் மறுநாள் கூழாகிவிடும், அதைக் கோட்டில் நிரப்புங்கள். உடம்பும் அதுவும் ஒரே பிளாஸ்டிக் என்பதால் தேய்க்கும்போது மேடு பள்ளம் வராது. பொறுமை மட்டும் வேண்டும், இரண்டு மூன்று நாள் காய விடாமல் தேய்த்தால் பின்னால் அந்த இடம் உள்வாங்கிக் கோடு திரும்ப முளைக்கும். அவசரம் என்றால் ஃபெவிக்விக் ஒரு சொட்டு, அதன் மேல் ஆப்ப சோடா ஒரு சிட்டிகை, நொடியில் கல்லாகிவிடும். அதைச் சில நிமிடத்துக்குள் தேய்த்துவிடுங்கள், விட்டால் பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் தேயும். பெரிய குழிக்கு எம்-சீல். கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், சுரங்கத்து இயந்திரத்துக்கு அது பொருந்தவும் செய்யும்.

இனி வெட்டு. பழைய ஸாக்கு அட்டென்ஷனில் நிற்கிற போலீஸ்காரர் மாதிரி நிற்கும். நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய கிட்டுக்கு இன்றைய மூட்டுகளை எல்லாம் வாங்கிப் பொருத்தி, எப்படி வேண்டுமானாலும் வளைகிற மாதிரி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. ஒரு நிலையை முடிவு செய்து அதிலேயே நிலையாக ஒட்டிவிடுவது நல்லது, உழைப்பு பாதி, பலன் இரட்டிப்பு. மண் அள்ளுகிறவன் எப்படி நிற்பான் என்று நீங்களே கண்ணாடி முன் நின்று பாருங்கள்: ஒரு கால் முன்னால், முழங்கால் மடங்கி, இடுப்பு கொஞ்சம் திரும்பி, எடை முழுக்க முன்காலில். முழங்காலின் பின்பக்கம் ஆப்பு மாதிரி ஒரு துண்டை அறுத்து எடுத்தால் கால் மடங்கும். இடுப்பையும் காலையும் தனியாக அறுத்து, இரண்டு பக்கமும் துளை போட்டு, 1.5 மி.மீ பித்தளைக் கம்பியைச் செருகி, வேண்டிய கோணத்துக்கு வளைத்து, இடைவெளியை எம்-சீலால் நிரப்புங்கள். கணுக்காலை மறக்காதீர்கள். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் படியவில்லை என்றால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் மிதக்கிற மாதிரித்தான் தெரியும்.

கையை உடம்பின் இரண்டு பாதிக்கும் நடுவில் வைத்து மூடி ஒட்டச் சொல்லும் விளக்கத்தாள். அப்படிச் செய்தால் பெயிண்ட் அடிக்கும்போது அக்குள் பக்கம் எட்டாது. உடம்புக்குள் போகிற வளையத்தை ஒரு பக்கம் வெட்டி ‘ப’ மாதிரி திறந்துவிட்டால், உடம்பை முதலில் ஒட்டித் தேய்த்து முடித்துவிட்டுக் கையைக் கடைசியில் தள்ளிச் செருகலாம். பழைய கிட் எதற்கும் இது பொருந்தும்.

இடது தோள் முள்ளையெல்லாம் மழித்துவிடுங்கள், சுரங்கத்தில் முள்ளுக்கு என்ன வேலை. வலது தோள் கவசத்தை வைத்துக்கொள்ளலாம், மேலிருந்து கல் விழும் இடம்தானே. ஒரு கையை மணிக்கட்டில் எடுத்துவிட்டு வாளி கட்டுங்கள். இந்த அளவில் 1 மீட்டர் என்பது கிட்டத்தட்ட 7 மி.மீ, ஸாக்குவே 17.5 மீட்டர் என்பதால் கிட் 12 செ.மீ சொச்சம் நிற்கும், 2 மீட்டர் அகல வாளி 14 மி.மீ. கைப்பிடிக் கம்பி 7 மி.மீ உயரம், ஏணிப்படி 2 மி.மீக்கு ஒன்று, நிற்கிற ஆள் 12 மி.மீ. இந்தக் கணக்கைத் தாளில் எழுதி மேஜை மேல் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய இயந்திரம் பெரியதாகத் தெரிவது இந்தப் பொடிப் பொடி ஏணியாலும் கைப்பிடியாலும்தான், ஏணிப்படியை 4 மி.மீக்கு ஒன்று வைத்தால் அந்த நிமிடமே ஸாக்கு பாதியாகச் சுருங்கிவிடும்.

வாளிக்கும் தகட்டுக்கும் ஸ்டைரின் ஷீட் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பழைய சிடி பெட்டியின் மூடி பாலிஸ்டைரின்தான், சட்டென்று உடையும், ஆனால் சிமெண்டில் அருமையாக ஒட்டும். தயிர், ஐஸ்கிரீம் கப் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அதுவும் ஸ்டைரின். 5 என்று இருந்தால் பாலிபுரோப்பிலீன், அதில் பசையும் பிடிக்காது, பெயிண்டும் நிற்காது. இன்னொரு எச்சரிக்கை, சொன்னால் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள்: ஒயரின் மேல்தோல், குளுக்கோஸ் டியூப் மாதிரியான மெத்தென்ற பிவிசியை ஸ்டைரின் மேல் நேரடியாகப் படுக்க வைக்காதீர்கள். அதை மெத்தென்று வைத்திருக்கிற எண்ணெய் நாளாவட்டத்தில் கசிந்து, தொட்ட இடத்தில் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும்.

குழாய்களுக்கு வருவோம், ஸாக்குவின் அழகே அதில்தான் இருக்கிறது. முகத்திலும் இடுப்பிலும் காலிலும் ஓடுகிற அந்த வரி வரியான குழாய்கள் பழைய கிட்டில் உடம்போடு சேர்த்தே வார்த்திருப்பார்கள், அடியில் இடைவெளி இருக்காது. அவற்றை அரத்தால் மழித்து, இரண்டு முனையிலும் துளை போட்டுப் புதுக் குழாய் மாட்டினால் கிட்டின் வயது அந்த இடத்திலேயே இருபது வருடம் குறைந்துவிடும். 0.4 மி.மீ செம்புக் கம்பியை ஒரு ஆணியின் மேல் இடைவெளி விடாமல் நெருக்கிச் சுற்றுங்கள். ஒரு கையில் ஆணியைக் குறட்டால் பிடித்துத் திருப்பிக்கொண்டே, மறு கைக் கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றோடு தள்ளிவிட வேண்டும். ஆணியிலிருந்து உருவினால் ஸ்பிரிங் மாதிரி வரும், அதற்குள் ஒரு கம்பியைச் செருகி வளைத்தால் வளைவு நிற்கும். முகத்துக்கு இது போதும். இடுப்புக்கும் காலுக்கும் கொலுசில் கோக்கிற மாதிரியான சின்ன உருண்டை மணிகளைக் கவரிங் சாமான் கடையில் வாங்கிக் கம்பியில் நெருக்கமாகக் கோத்துப் பாருங்கள், கணு கணுவாக அவ்வளவு அம்சமாக உட்காரும். நிஜ வெள்ளி வேண்டாம், எப்படியும் மேலே பெயிண்ட் அடிக்கத்தான் போகிறோம்.

ஒற்றைக் கண்ணுக்கு ஆரி வேலைக்கு விற்கிற ரோஸ் கல், 2 மி.மீ, அடி தட்டையாக இருப்பது. கண் பள்ளத்தை முதலில் கறுப்பாக்கி, எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியாக ஒட்டுங்கள். மேட் வார்னிஷ் அதன் மேல் பட்டால் கண்புரை வந்த மாதிரி ஆகிவிடும்.

தேய்ப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 400, 600, 1000 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு வரிசையாகப் போடுங்கள்.

பிரைமருக்கும் பெயிண்டுக்கும் நம் ஊர்த் தட்பவெப்பம் தெரிய வேண்டும். ஏற்காட்டில் இருப்பவர்கள் பனிமூட்டம் இறங்கியிருக்கும்போது லாக்கர் (தின்னரில் கரைகிற பெயிண்ட்) ஸ்பிரே அடிக்கவே கூடாது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரம் அதன் மேல் படிந்து, பெயிண்ட் பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும். ஐப்பசி அடைமழையில் சேலத்திலும் இதே கதை. கீழே சித்திரை, வைகாசியில் பிரச்சினை தலைகீழ், மொட்டை மாடியில் மத்தியானம் அடித்தால் பெயிண்ட் பிளாஸ்டிக்கைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து, உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று விழும். ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்துகிற திரவம்) கலந்த தின்னர் இரண்டுக்குமே ஓரளவு உதவும். மாசி, பங்குனிக் காலை வேளை, எட்டு மணிக்கு முன் என்றால் எந்த மருந்தும் தேவையில்லை. லாரிக்குப் பெயிண்ட் விற்கிற கடைகளில் கிடைக்கிற கிரே பிரைமர் ஸ்பிரே மலிவு, ஆனால் அதிலுள்ள தின்னர் காரமானது, ஸ்டைரினைக் கடிக்கும். முதலில் ரன்னர் மேல் அடித்துப் பாருங்கள். ஒரு அடி தள்ளி நின்று தூவலாக மூன்று நான்கு தடவை அடித்தால் ஒன்றும் ஆகாது, கிட்டே நின்று ஈரமாக அடித்தால் முகம் உருகும். கரித்தூள் வடிகட்டி உள்ள மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

நிறம் மஞ்சள், மண் அள்ளும் இயந்திரங்களின் மஞ்சள். மஞ்சள் எதையும் மூடாது, அதனால் கிரே பிரைமருக்கு மேல் முதலில் வெளிர் பழுப்போ ரோஸோ அடித்துவிட்டு மஞ்சளுக்குப் போங்கள். பெயிண்ட் உரிந்த மாதிரி காட்ட ஹேர் ஸ்பிரே போதும். அடியில் கரும்பழுப்பு லாக்கர், அது நன்றாகக் காய்ந்ததும் சாதாரண ஹேர் ஸ்பிரே இரண்டு கோட், அதன் மேல் தண்ணீரில் கரைகிற அக்ரிலிக்கில் அந்த வெளிர் நிறமும் பிறகு மஞ்சளும். மஞ்சள் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், அன்றைக்கே, தண்ணீர் தொட்ட முரட்டுப் பிரஷ்ஷால் தேய்த்தால் ஹேர் ஸ்பிரே கரைந்து மஞ்சள் துணுக்குத் துணுக்காக உரியும். மறுநாள் வரை விட்டால் அக்ரிலிக் இறுகி அடம் பிடிக்கும்.

எங்கே உரிக்க வேண்டும் என்பதுதான் கேள்வி, அதற்கு மற்றவர்கள் செய்த மாடலைப் பார்க்காதீர்கள். கருப்பூர் பக்கம் ஏதாவது டீக்கடையில் நின்று டிப்பர் லாரிகளைப் பாருங்கள். டிரைவர் ஏறும் படியில் கால் படுகிற நடுப்பகுதி மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும், படியின் ஓரங்களில் பெயிண்ட் புதுசாகவே இருக்கும். கைப்பிடியைச் சுற்றி கிரீஸ் கறுப்பு. டீசல் மூடிக்குக் கீழே ஒரே ஒரு கறை, நேராக வழிந்து, தூசி ஒட்டி. இதையே ஸாக்குவுக்குக் கொண்டுவாருங்கள்: மார்புக் கதவுக்கு ஏறும் ஏணியின் படி நடுவே தேய்மானம், முழங்கால் மூட்டில் கிரீஸ், முதுகுப் பெட்டியின் மூடிக்குக் கீழே ஒரு வழிசல். வாளியின் பல் மட்டும் வெறும் இரும்பு, அதற்கு 6பி பென்சில் தூளை விரலால் தேய்த்தால் எந்த மெட்டாலிக் பெயிண்டும் தராத மினுமினுப்பு வரும். துருவைக் குறைத்துக்கொள்ளுங்கள், இது கடலோர ஊர் இல்லை. தினமும் ஓடுகிற இயந்திரம் இங்கே வெயிலில் வெளுக்கும், தேயும், தூசி பிடிக்கும், ஆனால் அப்படியொன்றும் துருப்பிடிக்காது. தோளும் தலையும் மேல்பக்கம் கொஞ்சம் வெளுத்த மஞ்சளாக இருக்கட்டும்.

இதற்கு மேல் பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் அடித்துக் காய விட்டு, பழுப்பும் கறுப்பும் கலந்த ஆயில் கலரை டர்பன்டைனில் கரைத்து இடுக்குகளில் ஓட விடுங்கள். டியூபிலிருந்து எடுத்த கலரை ஒரு மணி நேரம் அட்டை மேல் வைத்திருந்தால் அதிக எண்ணெயை அட்டை குடித்துவிடும், சீக்கிரம் காயும், மினுமினுக்காது. மிச்சத்தைத் துடைக்கும்போது மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள், மழைத்தண்ணீர் அப்படித்தான் வழியும்.

தூசி வெள்ளையாக இருக்க வேண்டும், வெள்ளைக்கல் ஆயிற்றே. சுரங்கத்துக்குள் போய் அள்ள வேண்டாம், கோலமாவை மெல்லிய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்தால் போதும், சலிக்காத குருணை இந்த அளவுக்குப் பாறாங்கல் மாதிரி தெரியும். துளி செம்மண்ணைச் சேர்த்துச் சலித்தால் பவுடர் டப்பா வெள்ளை போய் ஊர் மண் நிறம் வரும். பாதத்தில் கனமாக, முழங்கால் வரை கொஞ்சமாக, தோள்மேல் லேசாக. அதற்கு மேல் மேட் வார்னிஷ் அடித்ததும் பாதித் தூசி காணாமல் போகும், பயப்படாதீர்கள், அது ஈரத்தில் ஒளிபுகுவதாக ஆகிவிடுவதுதான் காரணம். அதனால் முதலில் வேண்டியதை விட அதிகமாகப் போடுங்கள், வார்னிஷ்ஷுக்குப் பிறகு கடைசித் தூவலை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடித்தளத்துக்கு தெர்மாகோலை உடைத்து, மேலே ஃபெவிகால் கலந்த வெள்ளை சிமெண்ட் பூசினால் பாறை. இங்கே மேக்னசைட் தனி மலையாக இருக்காது, கருத்த டியூனைட் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடும், மேலே வெயில் பட்ட பாறை பழுப்பேறியிருக்கும். அதனால் பாறையைக் கரும்பழுப்பில் அடித்து, வெள்ளை நரம்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய பிரஷ்ஷால் இழுங்கள். எல்லா நரம்பும் ஒரே கனமாக இருந்தால் சிலந்தி வலை ஆகிவிடும், இரண்டு தடியாக, மிச்சம் மயிரிழையாக.

இடுப்புக் கவசத்தில் டிஎன் 30 என்று நம்பர் எழுதலாம், முதுகில் ‘ஒலி எழுப்பவும்’ எழுதலாம், 0 பிரஷ்ஷும் மூச்சைப் பிடித்துக்கொள்கிற திறமையும் இருந்தால். நம் ஊரில் திருஷ்டி கழிக்காமல் எந்த வண்டி ஓடும்? நிஜ எலுமிச்சை இந்த அளவில் 0.3 மி.மீ, அதாவது ஊசி முனையால் வைத்த ஒரு மஞ்சள் புள்ளி. மஞ்சள் உடம்பில் அது தெரியாது என்பதால் வாளிக் கைக்கு அடியில், கறுப்பு நூலுக்குக் கீழே வையுங்கள்.